தலையோடு சாய்ந்த கதிர்

டெப்போவில் அவருக்கு ஸ்டார் என்று பெயர். சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகம் சாதாரண முகம். கொஞ்சம் தூக்கிய முன்பற்கள், யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நிற்பவரைப் போன்ற தோள்கள். டிரைவர்களின் ஓய்வறையில், கை கழுவும் குழாய்க்கு மேலே, அவர் எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. இருட்டத் தொடங்கிய மேம்பாலம், வரிசையாக விளக்குகள், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஊசி ஊசியாக ஆறு கதிர்கள். அதை மாட்டிய வாரமே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே இரண்டாவது தடவைதான் திரும்புகிறார்.

லாரியில் கிளீனராகச் சேர்ந்து, லாரி ஓட்டி, பிறகு பஸ்ஸுக்கு வந்தவர். விபத்து என்று ஒன்று கிடையாது. சிக்னலில் நின்றிருந்த அவர் பஸ்மேல் பின்னால் வந்த கார் முட்டியதை அவர் சேர்ப்பதில்லை. மாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் வேண்டாம் என்பதை இவர் ஆசையாக எடுத்துக்கொண்டதால் யாருக்கும் அவர் மேல் வருத்தமில்லை.

கேமரா மனைவியின் தம்பியிடமிருந்து வந்தது. அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, "மாமா, இது சும்மாதான் கிடக்குது. நீங்களாச்சும் எதையாவது படம் புடிங்க" என்று இரண்டு லென்ஸோடு கொடுத்துவிட்டுப் போனான். எந்த இயந்திரமானாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் கை வைக்கமாட்டார். லென்ஸைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமிருந்த சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பார்த்தார். உள்ளே மெல்லிய கறுப்புத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து நடுத்துளையைச் சுருக்கின. முழுக்கத் திறந்தால் வட்டம். சுருங்கச் சுருங்க மூலைகள் முளைத்தன. ஒரு லென்ஸில் ஆறு தகடு, அறுகோணம். இன்னொன்றில் ஏழு.

அந்த மூலைகளில்தான் விஷயம் இருந்தது. துளையை முழுக்கத் திறந்து எடுத்தால் தெருவிளக்கு வெறும் வெளிச்சப் பொட்டு. நன்றாகச் சுருக்கி, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி நிதானமாக எடுத்தால் அதே விளக்கு கதிர் விட்டது. ஆறு தகட்டு லென்ஸில் ஆறு கதிர். ஏழு தகட்டில் எண்ணிப் பார்த்தார். பதினாலு.

இதை அவர் ஓய்வறையில் விளக்கிய நாள் டெப்போவில் பிரசித்தம்.

"ஒவ்வொரு தகட்டு விளிம்பும் வெளிச்சத்த ரெண்டு பக்கமும் இழுக்கும். ஆறுன்னா எதிரெதிரா விளிம்பு இருக்கு. இதோட கதிரும் அதோட கதிரும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துடும். பன்னெண்டு வரவேண்டியது ஆறாத் தெரியும். ஏழுன்னா எதிர்ல ஜோடி இல்ல. அதனால மறையாது. பதினாலும் தெரியும்."

சாமியார் என்ற டிரைவர் சாப்பாட்டுத் தட்டின் முன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார் என்பதால் வந்த பெயர். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"எங்க வீட்லயும் ஏழு பேருதான். பதினாலு பேரு சத்தம் வருது. இப்பத்தான் காரணம் புரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாரும் சிரித்தார். கேலி செய்யட்டும், ஒருவராவது கணக்கைப் புரிந்துகொண்டாரே என்று இருந்தது.

எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் கதிர் விடத் தொடங்கியது எப்போது என்று அவரால் சொல்ல முடியாது. திடீரென்று வரவில்லை. முதலில் தூரத்து மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கில் ஒரு முள். பிறகு லாரி விளக்குகளில் நாலைந்து. அவர் அதை ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் ஸ்டாண்டோடு காத்திருந்து எடுப்பதைச் சாலையே சும்மா காட்டுகிறதே என்று இருந்தது. வேறொருவர் என்றால் அன்றைக்கே பயந்திருப்பார். விளக்கென்றாலே கதிரோடு நினைத்துப் பழகியவருக்கு அது உறுத்தவில்லை.

கதிர்கள் நீண்டு ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியபோது எரிச்சல் வந்தது. காரணம் அவருக்குத் தெரிந்ததாகவே நினைத்தார். முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் வைப்பர் ஓடினால், எந்த வெளிச்சமும் அப்படித்தான் இழுக்கும். பஸ் ஓட்டும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரித் திருப்பத்தில் எதிரே ஒரு லாரி. அதன் இரண்டு விளக்குகளும் கண்ணாடி முழுவதையும் கதிரால் அடைத்தன. அந்தக் கதிர்களுக்கு நடுவிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் எப்போது சாலையில் இறங்கினார் என்றே தெரியவில்லை. பிரேக் பிடித்த வேகத்தில் நின்றிருந்த பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பஸ்ஸின் மூக்குக்கும் சைக்கிளின் கேரியருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். காது கேட்காதவராக இருக்க வேண்டும்.

அன்று டிரிப் முடியும்வரை அவர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. மறுநாள் பயம் கோபமாகிவிட்டிருந்தது.

டெப்போவில் பஸ் கழுவுவது பைப்பக்காவின் வேலை. தோளில் ரப்பர் பைப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். ஒப்பந்தத்தில் இருப்பவர். வயதில் சின்னவர்களைக்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கிண்டலும் இருக்கும். மாலை ஷிப்ட் மாறும் நேரம், விளக்குகள் போட்டாயிற்று, இரண்டு ஷிப்ட் டிரைவர்களும் முற்றத்தில் நின்றார்கள். சூப்பர்வைசரும் இருந்தார். எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் ஸ்டார் பைப்பக்காவைக் கேட்டார்.

"கண்ணாடிய என்னத்த வச்சுக் கழுவுறீங்க? நேத்து ஒரு உசுரு போயிருக்கும்."

"சோப்புத் தண்ணிதாண்ணே. எப்பவும் போல."

"எப்பவும் போல இல்ல. ஒவ்வொரு லைட்டும் முள்ளு முள்ளா இழுக்குது."

"விரல வச்சுத் தேய்ச்சுப் பாருங்கண்ணே. வந்து பாருங்க. கீச்சுன்னு சத்தம் வரும். பிசுக்கு இருந்தா வராது."

அவர் போய்த் தேய்த்துப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். அதற்குள் இன்னும் மூன்று பேர், "ஆமா சார், என் வண்டியிலயும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்று ஒத்து ஊதினார்கள். விபத்தே செய்யாத ஆள் சொன்னால் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். சூப்பர்வைசர் அங்கேயே முடித்துவிட்டார். இந்த மாதம் முடிகிறவரை பைப்பக்கா கழிப்பறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் முடிந்ததும் வர வேண்டாம். பஸ் கழுவ ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஆளைப் போட்டார்கள்.

பைப்பக்கா தோளிலிருந்து பைப்பை இறக்கிச் சுருட்டி, சுவர் ஓரமாக வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார். யாரையும் பார்க்கவில்லை.

புது ஆள் கழுவினான். கதிர் போகவில்லை. இவனும் சோம்பேறிதான் என்று நினைத்தார். ஒருமுறை அத்தனை பேர் முன்னால் கத்தியாயிற்று, மறுபடியும் வாயைத் திறக்கச் சங்கடமாக இருந்தது. கடைசி ஸ்டாப்பில் பழைய பேப்பரைச் சுருட்டித் தானே துடைத்தார். போகவில்லை. கண்ணாடியே பழசு, வைப்பர் கீறிக் கீறித் தேய்ந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தார். அவருடைய சந்தேகம் கண்ணாடியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை.

வார ஓய்வு நாளன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டின் பின்பக்கப் பால்கனியில் ஸ்டாண்டை விரித்தார். கீழே கிடங்குகளின் முற்றம், உயரமான நான்கு விளக்குகள், நனைந்த தரையில் அவற்றின் பிரதிபலிப்பு. மனைவி உள்ளே திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக் கடையில் வேலை, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். தையல் மிஷின் ஓடி ஓடி நின்றது.

குனிந்து, வலது கண்ணைக் கேமராவின் பார்வைத் துளையில் வைத்தார். நான்கு விளக்குகளும் கதிர்களோடு நின்றன.

அழகாக இருந்தது. பொத்தானில் விரலை வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

இந்தக் கேமராவில் பார்வைத் துளை வழியாகப் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும். எந்த அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தாலும், பொத்தானை அழுத்தும் நொடியில்தான் தகடுகள் சரிந்து மூடும். படம் பதிந்ததும் திரும்ப விரிந்துவிடும். அதனால் கதிர் படத்தில்தான் வரும். பார்க்கும்போது வராது. இதை எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். எண்ணெய் கசிந்தால் அப்படி ஆகும். லென்ஸைக் கழற்றி முன்பக்கமாகப் பார்த்தார். துளை வட்டமாக, சுத்தமாக இருந்தது. இன்னொரு லென்ஸை மாட்டினார். ஏழு தகடு. கதிர் லென்ஸால் வருவதானால் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இடது பக்கம் கீழ்நோக்கி ஒரு நீளமான கதிர், தடித்தது. மேலே நெருக்கமாக இரண்டு. வலது பக்கம் தேய்ந்த மூன்று நான்கு. எந்தத் தகட்டுக் கணக்கிலும் சேராத, ஒழுங்கற்ற கதிர்கள். முழுக்கத் திறந்துவைத்து ஒரு படம் எடுத்துக் கேமராவின் திரையில் பார்த்தார். விளக்குகள் உருண்டையாக, கதிரே இல்லாமல் இருந்தன.

மறுபடியும் குனிந்தார். கேமராவை ஸ்டாண்டிலேயே பக்கவாட்டில் திருப்பினார். கதிர் திரும்பவில்லை. தலையைச் சாய்த்தார். கதிர் தலையோடு சாய்ந்தது.

நிமிர்ந்து, கேமராவை விட்டுவிட்டு, வெறும் கண்ணால் விளக்கைப் பார்த்தார். தலையை இடது தோள்பக்கம் சாய்த்தார். வலது தோள்பக்கம் சாய்த்தார். தடித்த கதிர் கடிகாரமுள் போல அவர் கூடவே வந்தது. வலது கண்ணைக் கையால் மூடினார். விளக்கு பாதி சரியாயிற்று. இடது கண்ணை மூடினார். முள் முழுதாக வந்து நின்றது.

மிஷின் நின்றது. மனைவி பால்கனிக் கதவில் நின்றார்.

"யாருக்கு இப்படித் தலையாட்டுறீங்க? எதிர் கிடங்குல யாராச்சும் தப்பா நினைக்கப் போறாங்க."

அவர் இன்னொரு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னங்க?"

"கண்ணாடி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"எந்தக் கண்ணாடி?"

உட்கார்ந்து சொன்னார். ஆஸ்பத்திரித் திருப்பத்தை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அதையும் சொன்னார். மனைவி மடியில் கிடந்த நூலைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அந்தம்மா?"

"இந்த மாசத்தோட நிப்பாட்டிடுவாங்க."

"முதல்ல கண்ணக் காட்டுங்க. மத்தது அப்புறம்."

மறுநாள் காலை கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். மருத்துவர் இளம்பெண். தாடையை ஒரு இரும்புத் தாங்கியில் வைக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. நடுவுல இன்னும் வரல. அதான் பகல்ல எழுத்தெல்லாம் படிக்கிறீங்க. வலது கண்ணுல ஓரத்துலேர்ந்து சக்கரத்து ஆரக்கால் மாதிரி உள்ள இறங்கியிருக்கு. இருட்டுல கண்ணுப் பாப்பா விரியுது இல்லையா, அப்ப அந்தக் கால் வழியா வெளிச்சம் சிதறும்."

"பாப்பா விரியுறது, லென்ஸ் திறக்கிற மாதிரி."

"ஆமா. அதேதான்." மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னையிலேர்ந்து ராத்திரி ஓட்டக்கூடாது. பகல்லயும் வேண்டாம், ஆபரேஷன் ஆகட்டும்."

"ஆபரேஷனுக்கு அப்புறம்?"

"பெரும்பாலும் சரியாயிடும். சில பேருக்குக் கொஞ்சம் கதிர் மிஞ்சும். ராத்திரி பஸ் ஓட்டலாமான்னு அப்பப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

வெளியே வந்தபோது மருந்தால் விரிந்த கண்ணில் வெயில் குத்தியது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உடம்பு சரியில்லன்னு லீவு போடுங்க. ஆபரேஷன் பண்ணிட்டு, சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சதும் அந்தம்மாவப் பத்திச் சொல்லலாம். இப்பச் சொன்னா ஸ்டியரிங்க மறந்துட வேண்டியதுதான்."

"அதுக்குள்ள மாசம் முடிஞ்சுடும்."

"தெரியுது" என்றார் மனைவி.

அன்று சாயங்காலம் ஷிப்டுக்கு முன்னால் டெப்போவுக்குப் போனார். பையில் கேமரா இருந்தது. எதற்கு எடுத்தோம் என்று யோசித்து எடுக்கவில்லை. சூப்பர்வைசர் அறையில் மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சூப்பர்வைசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத என்கிட்டச் சொன்னீங்க. சரி. வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். வயித்துவலின்னு லீவு போடுங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம். திரும்பி வந்தா உங்க வண்டி உங்களுக்கு."

"கழுவுறவங்க விஷயம்?"

"அது வேற. அது முடிஞ்சுபோச்சு."

"என் கண்ணால போன வேலை சார் அது."

"ஸ்டாரே." சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு சரியில்லாம எத்தனை நாள் ஓட்டினீங்கன்னு மேல கேப்பாங்க. தெரிஞ்சும் விட்டியான்னு என்னையும் கேப்பாங்க. நீங்க காலம் பூரா கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் பாக்க வேண்டியதுதான். யோசிச்சுக்குங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையில் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கழிப்பறைகள் டெப்போவின் பின்மூலையில். பைப்பக்கா வாசல்படியில் உட்கார்ந்து துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், "உள்ள ஈரம். கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

"நான் அதுக்கு வரல."

"அப்ப இங்கயும் ஏதாச்சும் குறையா?"

அவர் நின்றபடியே சொன்னார். லென்ஸைச் சொன்னார், தலையைச் சாய்த்ததைச் சொன்னார், மருத்துவர் சொன்னதைச் சொன்னார். பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது. பைப்பக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு அவர் கண்களையே பார்த்தார், அதில் ஏதாவது தெரியும் என்பதுபோல.

"அன்னைக்கு வந்து தேய்ச்சுப் பாருங்கன்னு சொன்னேன். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"ஏன் வரல?"

பெண்பிள்ளை கழுவிய கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு பேர் முன்னால் நடந்துபோவதா என்று அன்று இருந்தது. இப்போது அதைச் சொல்ல முடியவில்லை.

"சூப்பர்வைசர் சார்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "அவரு கொஞ்சம் யோசிக்கிறாரு. நான் தனியா மறுபடியும் பேசி..."

"தனியா என்னத்தப் பேசறது?" பைப்பக்கா எழுந்தார். "என்னத் தனியாவா கேட்டீங்க? அத்தனை பேரு பாத்தாங்க. இப்ப தண்ணி குடிக்கப் போனாக்கூட, டம்ளரக் கழுவிட்டியான்னு கேக்கிறாங்க. வேலை வேற எடத்துல கிடைக்கும். இந்தப் பேரோட போனா எங்கயும் கிடைக்காது. நாலு பேரு முன்னாடி சொன்னத நாலு பேரு முன்னாடி எடுங்க. இல்லன்னா விடுங்க, பரவாயில்ல. எனக்குத் தெரிஞ்சதே போதும்னு போயிடறேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் மாறியதைக் கேட்டு அவர் தரையைப் பார்த்தார்.

முற்றத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. காலை ஷிப்ட் வண்டிகள் வந்து நின்றன, டிரைவர்கள் இறங்கினார்கள். இவருடைய பஸ் மூன்றாவது வரிசையில், கேட் விளக்குக்கு நேர் எதிரே நின்றது.

"வாங்க" என்றார். "பைப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

முற்றத்தின் நடுவில் போய் நின்று எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். சாமியார்தான் முதலில் கவனித்தார்.

"என்ன ஸ்டாரு, கச்சேரியா?"

"ஒரு விஷயம். எல்லாரும் கொஞ்சம் வாங்க."

வந்தார்கள். அவர் பைப்பக்காவைப் பார்த்தார். "என் வண்டி முன்கண்ணாடிய மட்டும் கழுவுங்க. எப்பவும் போல."

பைப்பக்கா சுவரோரத்திலிருந்து பைப்பை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை, என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறி, சோப்பு நீரால் ஒரு மூலையிலிருந்து தேய்த்து வந்து, தண்ணீர் அடித்து, துணியால் இழுத்துத் துடைத்தார். பிறகு யாரும் கேட்காமலே விரலை அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி கீச்சென்றது. முற்றத்துக்கே கேட்டது.

ஸ்டார் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பையிலிருந்து கேமராவை எடுத்து, துளையை முழுக்கத் திறந்து வைத்து, கண்ணாடி வழியாகக் கேட் விளக்கை எடுத்தார். ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டினார். கை மாறிக் கை மாறிப் போயிற்று. திரையில் விளக்கு ஒரு வெளிச்ச உருண்டை.

"கதிரக் காணோம்" என்றான் ஒருவன். "உங்க ஸ்டாரு எங்க போச்சு?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"கண்ணாடியில பிசுக்கு இருந்தா இதுலயும் இழுத்திருக்கும். சாமியாரே, ஏறி வா. இந்த சீட்ல உக்காந்து அந்த லைட்டப் பாரு."

சாமியார் ஏறினார். இவர் எழுந்து இடம் விட்டார். சாமியார் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, கேட்டைப் பார்த்தார்.

"லைட்டு லைட்டாத்தான் தெரியுது. என்ன தெரியணும்?"

"எனக்கு முள்ளு முள்ளாத் தெரியுது. இப்பவும். உனக்குப் பின்னாடி நின்னுதான் பாக்கிறேன்." திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பிக் கீழே நின்றவர்களுக்குச் சொன்னார்: "புரை. ரெண்டு கண்ணுலயும். டாக்டரம்மா ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அக்காவ நான் சொன்னது தப்பு. கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. எல்லா நாளும்."

யாரும் சிரிக்கவில்லை. அன்று ஒத்து ஊதிய மூவரில் ஒருவன் ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினான். சூப்பர்வைசர் அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தூரத்திலேயே நின்றார்.

சாமியார் சீட்டிலிருந்து திரும்பாமல் கேட்டார். தூக்கம் போன குரலாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி ஓட்டின?"

"தெரியல."

"எங்க அம்மா உன் வண்டியிலதாண்டா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவாங்க."

கீழே ஒருவர் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

சூப்பர்வைசர் மெதுவாக நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சாத்திவைத்த கதவு இனி உதவாது என்று அவருக்கும் தெரிந்தது.

"சரி" என்றார். "அந்தம்மா நாளையிலேர்ந்து வண்டிக்கே வரட்டும்."

"மாசக் கடைசி?" என்று கேட்டார் பைப்பக்கா, ஏணியில் நின்றபடியே.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இருங்க." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "நீங்க என் ரூமுக்கு வாங்க. மேல பேசணும்." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இந்த வண்டிய இன்னைக்கு யாரு எடுக்கிறது?"

சாமியார் டிரைவர் சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"உக்காந்துட்டேன்ல" என்றார் சாமியார். "நானே எடுக்கிறேன். ரெட்டை ஷிப்ட் போட்டுக்குங்க."

ஸ்டார் படியிறங்கினார். யாரோ கேமராவைக் கையில் கொடுத்தார்கள். பஸ் புறப்பட்டது. கேட்டைத் தாண்டும்போது பின்விளக்குகள் இரண்டும் அவருக்குக் கதிர் விட்டு, தெருவில் திரும்பி மறைந்தன. கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒருவர் அவர் தோளைத் தட்டினார். மற்றவர்கள் பேசாமல் போனார்கள்.

பைப்பக்கா ஏணியை அடுத்த பஸ்ஸுக்கு நகர்த்தியிருந்தார். நாளைக்கென்று சொன்னதை நாளைவரை வைத்திருக்க அவருக்கு மனமில்லை. ஏறி, பைப்பின் வாயைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். தண்ணீர் வரவில்லை. உதறிப் பார்த்தார். திரும்பினார்.

"பைப்ப மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்கண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். தண்ணீர் வந்தது.